கற்ற இடத்தில் தங்கிவிட்டவன் கடன்காரனா?

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பின் ஒரு மாலை, மலாக்காப் பட்டணத்தில் ஜவுளி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தேன். கடை முன் அஞ்சடியில் நாலைந்து பேர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு மிட்டாய்ப் பொட்டலம் கைக்கு வந்தது. விசாரித்தபோது, இங்கிலாந்தில் பொறியியல் ஆராய்ச்சி முடித்த அவருடைய இரண்டாவது மகனுக்கு, அவன் பயின்ற பல்கலைக் கழகத்திலேயே விரிவுரையாளர் பதவி கிடைத்திருக்கிறது என்றார்கள். வாழ்த்துச் சொன்னேன். ஆனால் மிட்டாய் கொடுத்தவருடைய முகத்தில் இனிப்பைக் காணோம்.

"பையன் படித்துவிட்டு வருவான், கிட்டங்கியைப் பார்த்துக்கொள்வான், அது பிடிக்காவிட்டால் இங்கேயே ஒரு காலேஜில் சேருவான் என்று நினைத்திருந்தேன். ஏழு வருஷம் பணம் அனுப்பினேன். இப்போது அங்கே வீடு பார்க்கிறான். இது எனக்கு லாபமா நஷ்டமா, சொல்லுங்கள் ஹாஜியார்" என்றார் நண்பர்.

உடனிருந்த பெரியவர் ஒருவர், "விதை நம்முடையது, விளைச்சல் அந்நியனுக்கு" என்று பெருமூச்சு விட்டார். ஓர் இளைஞர், "இதில் என்ன குற்றம் மாமா? கெட்டிக்காரன், பிழைத்துக்கொண்டான்" என்றார். இரண்டு தீர்ப்பும் என் மனத்துக்கு ஒப்பவில்லை. பெரியவர் பிள்ளையைச் சரக்காக எண்ணிவிட்டார். இளைஞரோ பிழைப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் சமூகத்துப் பிள்ளைகள் லண்டனுக்கும் கெய்ரோவுக்கும் மெல்பர்னுக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் காலம் இது. இன்று அவருடைய திண்ணையில் எழுந்த கேள்வி நாளை நம் எல்லோருடைய வீட்டிலும் எழக்கூடியது. ஆகவே சகோதரர்களே, அதை நிதானமாக ஆராய்வோம்.

நம் பேரேட்டை முதலில் புரட்டுவோம்

பிறர் கணக்கைப் பார்க்குமுன் தன் கணக்கைப் பார்ப்பதே வியாபாரிக்கு அழகு. நாம் இந்த ஊருக்கு எப்படி வந்தோம்?

நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள். ராஜுலாக் கப்பலின் தளத்தில் பாயை விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து தெற்கே வந்தார்கள். கையில் ஒரு முகவரிக் காகிதம். கடைப் பையனாகச் சேர்ந்து, பகலில் தூசி தட்டி, இரவில் கல்லாப் பெட்டிக்கு அருகே படுத்து, தொழிலைக் கற்றார்கள். கற்ற பின் சிலர் கணக்கப்பிள்ளை ஆனார்கள். சிலர் அதே முதலாளிக்குப் பங்காளி ஆனார்கள். சிலர் தனிக்கடை வைத்து, சம்பள நாளன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களுக்குத் துணி மூட்டையைச் சுமந்து சென்று, லயம் லயமாகக் கடனுக்குக் கொடுத்துத் தவணைக்கு வாங்கி முன்னுக்கு வந்தார்கள்.

அவர்களில் எத்தனை பேர் ஊரில், "மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்! அந்த மூன்று வருஷம் முப்பதாகி, கபுறும் இங்கேயே அமைந்தது. கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748-ல் எழுந்தது. வந்தவன் தங்கினான் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? மலாய் இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற முன்ஷி அப்துல்லாஹ் இந்த மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து வந்து, நாகூரில் பெண்ணெடுத்து, பிறகு இங்கே குடியேறியவர்கள். 1818-ல் இவ்வூரில் தோன்றிய ஆங்கிலோ-சீனக் கல்லூரியின் பாதிரிமாரிடம் அவர் ஆங்கிலம் கற்றார். அவர்களுக்கே மலாய் கற்றுக் கொடுத்தார். கற்ற இடத்திலேயே ஆசானாக அமர்வது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

ஆகவே கடையில் கற்றவன் கடையிலேயே பங்காளி ஆனதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், பல்கலைக் கழகத்தில் கற்றவன் அங்கேயே பதவி பெற்றால் அதைத் துரோகம் என்று சொல்ல வாயெடுக்கலாகாது. தங்குவது குற்றமானால் அக்குற்றத்தின் முதல் வரி நம் பாட்டனார் பெயரில்தான் எழுதப்படும்.

ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. பாட்டனார் தங்கினாரே தவிர, ஊரை மறந்தாரா? மணியார்டர் அனுப்பினார். ஊர்ப் பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தார். தங்கை மாப்பிள்ளையைக் கடைக்கு அழைத்து ஆளாக்கினார். கப்பலில் அடுத்து இறங்கிய பையனுக்குப் படுக்கப் பாய் கொடுத்தார். சிலர் இவற்றையெல்லாம் மறந்ததும் உண்டு. அவர்களைப் பற்றி ஊரில் என்ன பேசினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தங்கிய இருவரில் ஒருவரை நன்றியுள்ளவர் என்றும் மற்றவரை நன்றி கெட்டவர் என்றும் ஊர் பிரித்தது எதைக் கொண்டு? தங்கிய இடத்தைக் கொண்டன்று. தீர்த்த கடனைக் கொண்டே.

திரினிட்டிக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டு மாணவராகச் சென்று, கற்ற இடத்திலேயே பதவி பெற்றவர்களில் எல்லோரும் அறிந்த பெயர் சீனிவாச ராமானுஜன். அவர் கணித மேதை என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். நான் சொல்ல வருவது அவருடைய வரவு செலவுக் கணக்கை.

1912-ல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் சென்னை கொடுத்தது ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. திரினிட்டிக் கல்லூரி 60 பவுன் தனியே கொடுத்தது. 1916-ல் ஆராய்ச்சியின் பேரில் பட்டம் பெற்றார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், தாம் மாணவராய் நுழைந்த திரினிட்டிக் கல்லூரியே அவரைத் தன் பெல்லோவாக ஏற்றது. ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன். இன்ன வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றும் இல்லை. சென்னைப் பல்கலைக் கழகமும் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது.

நோயுற்றுக் கிடந்த அந்த மனிதர் 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குக் கிடைக்கப்போகும் தொகை தம் தேவைக்கு மிகையானது என்று அதில் ஒப்புக்கொண்டார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்க வேண்டும் என்றும், தம் அவசியச் செலவு போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டே தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32-ஆம் வயதில், சென்னையில் காலமானார். அந்தப் பணத்தை அனுபவிக்க அவருக்கு ஆயுள் இல்லை. ஆனால் கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

வியாபாரிகளாகிய நாம் இந்தக் கடிதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இதில் மூன்று பற்று வரிகள் உள்ளன. பெற்றோர் ஒன்று. தம் சொந்தச் செலவு ஒன்று. தமக்குப் பின் வரும், தாம் முகமே பார்த்திராத ஏழைப் பிள்ளை ஒன்று. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமையின் வலியை அறிந்தவர் அவர். அந்த வலியை மறக்க ஆண்டுக்கு 500 பவுன் போதும், அவர் மறக்கவில்லை. படித்த இடத்தில் பதவி பெற்ற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஐந்தொகை மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நாற்காலியும் நிய்யத்தும்

பணக் கணக்கு தீர்ந்தால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. எதற்காகத் தங்குகிறோம் என்ற உட்கணக்கு ஒன்று உண்டு. இதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பெரியவர் வழிகாட்டுகிறார்.

இமாம் கஸ்ஸாலி குராசானில் தூஸ் நகரில் பிறந்தவர். கல்வி தேடி நைசாபூருக்குச் சென்று, அங்கிருந்த நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களிடம் பாடம் கேட்டார். 1091-ல் பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசான் பீடம் அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அதைவிட உயர்ந்த கல்விப் பதவி அரிது. நான்கே ஆண்டுகளில், 1095-ல், அதை விட்டு நீங்கினார். தம் போதனையின் நோக்கத்தைத் தாமே சோதித்தபோது, அது இறைவனுக்காக இல்லாமல் புகழுக்கும் அந்தஸ்துக்குமாக இருக்கக் கண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் பேச நாக்கு ஒத்துழைக்க மறுத்தது என்கிறார். தம் குடும்பத்தின் ஜீவனத்துக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டு மற்றச் செல்வத்தை வழங்கிவிட்டுப் புறப்பட்டார்.

பதினோர் ஆண்டுகள் கழிந்து, 1106-ல், அவர் மீண்டும் ஆசான் பீடத்தில் அமர்ந்தார். எங்கே தெரியுமா? தாம் மாணவராக இருந்த நைசாபூரில்! பீடம் என்னவோ அதே வகைப் பீடந்தான். அமர்ந்த மனிதரின் எண்ணந்தான் வேறு. முன்னே பதவியைத் தேடித் தரும் கல்வியைப் பரப்பியதாகவும், இப்போது பதவி மோகத்தை விடச் செய்யும் கல்வியைக் கற்பிப்பதாகவும் அவர் வேறுபடுத்திச் சொல்கிறார். இறுதியில் தூஸுக்கே திரும்பி, தம் வீட்டருகே மாணவர்களுக்குப் பாடம் சொல்லி, 1111-ல் காலமானார்.

இதிலிருந்து பெறும் பாடம் யாது? கற்ற இடத்துக்குத் திரும்பிப் போதிப்பதும் சரியாகலாம், பெரும் பதவியை உதறுவதும் சரியாகலாம், ஊர் திரும்புவதும் சரியாகலாம். ஒரே மனிதர் மூன்றையும் செய்தார். எந்த நாற்காலி என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நண்பரின் மகன் அங்கே தங்குவது ஆராய்ச்சிக் கூடத்தின் வசதிக்காகவா, தன் பாடத்தின் மீதுள்ள பற்றினாலா, ஊர் திரும்பினால் உறவினர் பாரம் தலையில் விழும் என்ற அச்சத்தினாலா என்பதை அவன் மட்டுமே அறிவான். அந்தக் கேள்வியைத் தந்தை கேட்கலாம். பதிலை மகன்தான் தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

விடை கொடுத்த தாய்

தந்தையின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. விஞ்ஞானி சந்திரசேகரின் வாழ்க்கை அத்துயரத்தின் ஆழத்தைக் காட்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர் 1930-ல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்படும்போது வயது 19. தாயார் சீதாலட்சுமி அம்மையார் கடும் நோயில் படுத்திருந்தார். வீட்டில் இருந்தபடியே கற்று, இப்சனுடைய நாடகம் ஒன்றைத் தமிழாக்கிய அறிவுடைய அம்மையார் அவர். மகன் போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். மகன் அருகில் இல்லை.

1933-ல் டாக்டர் பட்டம் பெற்ற சந்திரசேகரைத் திரினிட்டி பெல்லோவாக ஏற்றது. ராமானுஜனுக்குப் பின் அந்த இடத்தைப் பெற்ற அடுத்த இந்தியர் அவரே. ஆனால் அந்தப் பதவிக்குத் தவணை உண்டு. 1937-ல் அவர் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். 1953-ல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். 1995-ல் இறக்கும்வரை அமெரிக்காவே அவருடைய வாழ்விடம்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய உலகியல் செய்தி ஒன்று உண்டு. பல்கலைக் கழகம் படிக்க இடம் கொடுப்பது வேறு, நிலையான வேலை கொடுப்பது வேறு. டாக்டர் பட்டம் பெறுகிறவர்கள் பலர். நிலையான நாற்காலிகள் சில. முதலில் ஆராய்ச்சி உதவியாளர், பிறகு இரண்டு மூன்று ஆண்டுத் தவணை வேலை, பிறகு மீண்டும் ஒரு தவணை என்று காலம் ஓடும். வெளிநாட்டவனுக்கு இதோடு வேலை அனுமதிக் கவலையும் சேரும். ஜெர்மனியில், தன்னிடமே வளர்ந்தவரைப் பல்கலைக் கழகம் நேரே பேராசிரியர் ஆக்குவதில்லை என்ற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வேண்டியவனுக்கே கொடுத்தார்கள் என்ற பேச்சு வராமல் இருக்கவும், ஒரே கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிராமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. நம் பழைய முதலாளிமாரும் தம் மகனை முதலில் வேறொருவர் கடையில் வேலை பழக அனுப்பினார்கள் அல்லவா? ஆகவே, "பையன் அங்கே நிலைத்துவிட்டான்" என்று பெருமைப்படவோ வருந்தவோ அவசரப்படவேண்டாம். அவன் இன்னும் கடைப் பையனாகவே இருக்கலாம்.

கையெழுத்துக் கடனும் நன்றிக் கடனும்

இனிக் கடனை வகைப்படுத்துவோம். எல்லாக் கடனும் ஒன்றல்ல.

முதலாவது, கையெழுத்துப் போட்ட கடன். நம் நாட்டில் அரசாங்க உதவிச் சம்பளங்கள் பல, படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு இங்கே உழைக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு வருகின்றன. அதில் கையெழுத்திட்டவன் திரும்ப வேண்டும். அல்லது ஒப்பந்தம் அனுமதிக்கும் வழியில் பணத்தைத் தீர்க்க வேண்டும். இதில் தத்துவ விசாரத்துக்கு இடமே இல்லை. உண்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைமறைவாகிறவனை நாம் என்ன சொல்வோமோ, அதையே இவனுக்கும் சொல்ல வேண்டும். அவன் ஏமாற்றுவது சர்க்காரை மட்டுமன்று. அவனுக்குப் பதிலாக அந்த உதவியைப் பெற்றிருக்கக்கூடிய ஒரு தோட்டத்துப் பிள்ளையையும் ஏமாற்றுகிறான்.

இரண்டாவது, பெற்றோர் கடன். இதற்குப் பத்திரம் இல்லை. ஆகவேதான் இது கனமானது. ஆனால் பெற்றோரும் ஒன்றை நினைக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்த கல்வியை வட்டிக்கு விட்ட பணமாக எண்ணினால் பரக்கத் போய்விடும். பிள்ளையிடம் எதிர்பார்க்க வேண்டியது அன்பு, கவனிப்பு, நோய்ப்படுக்கையில் துணை. அவன் வாழ்நாள் முழுவதையும் நம் கல்லாவுக்கு அடமானம் கேட்பது முறையாகாது. அதேபோல மகனும், மாதம் ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டால் மகன் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. தாயின் முழங்கால் வலிக்கு வெள்ளி அனுப்பலாம். கையைப் பிடித்து நடத்திச் செல்ல வெள்ளியால் முடியாது. இதற்கு அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, யார் உடலால் உழைப்பது, யார் பொருளால் உதவுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஊரில் தங்கிய மகன் சுமக்கிற பாரம் வெளியூரில் பட்டம் பெற்ற மகனுக்குத் தெரிவதில்லை. அது பல குடும்பங்களில் கசப்பாக ஊறிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, கற்பித்த இடத்துக்கும் கற்பிக்க உதவிய சமூகத்துக்கும் உள்ள நன்றிக் கடன். இதை வாங்கிய இடத்திலேயே திருப்ப வேண்டும் என்பதில்லை. தனிநாயக அடிகள் இலங்கையர். 1945-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்கு மாணவராகச் சென்று தமிழ் கற்றார். பிறகு 1961-ல் கோலாலம்பூருக்கு வந்து மலாயாப் பல்கலைக் கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவரானார். 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது அவருடைய முயற்சியால். சிதம்பரத்தில் வாங்கிய கடனை அவர் மலாயாவில் தீர்த்தார். பயன் பெற்றவர்கள் நம் பிள்ளைகள். அவர் அண்ணாமலையிலேயே தங்கியிருந்தால் நமக்கு நஷ்டம். அதேபோல நம் பிள்ளை வேறோர் ஊரில் வேறு யாருடைய பிள்ளைக்கோ பாடம் சொன்னால், அது உலகக் கணக்கில் வரவுதான்.

ஒரே தராசு

இதுவரை நம் பிள்ளையைப் பற்றிப் பேசினோம். இப்போது நம்மைப் பற்றிப் பேசுவோம். இந்த விஷயத்தில் நம் மனச்சாட்சியைத் தைக்கும் முள் இங்கேதான் இருக்கிறது.

இந்த மலாக்காவும் இப்போது வெளிநாட்டு மாணவர்கள் வரும் இடமாகிவிட்டது. 1990-களின் இறுதியில் தொடங்கிய மல்டிமீடியாப் பல்கலைக் கழகம் இங்கே இருக்கிறது. 2000-ல் தொடங்கிய மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் தூரியான் துங்கலில் இருக்கிறது. கோலாலம்பூர்ப் பக்கம் 1983-ல் தோன்றிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக் கழகத்தில் பல நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் உண்டு. இவற்றில் படிக்க வந்தவர்களில் சிலர், முனைவர் பட்டம் பெற்று இங்கேயே விரிவுரையாளர்களாகிறார்கள். அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தவணை ஒப்பந்தமே. தவணை தீரும் மாதம் வந்தால், புதுப்பிப்பார்களா, மாட்டார்களா என்று மனைவி மக்களோடு காத்திருப்பார்கள்.

அவர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? அதே அஞ்சடியில், அதே தேநீரோடு, "நம் பிள்ளை பட்டத்தை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருக்கிறான், எங்கிருந்தோ வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்" என்று பேசக் கேட்டிருக்கிறேன். வெளிநாட்டு மாணவன் என்று தெரிந்ததும் வாடகையை உயர்த்திச் சொன்ன வீட்டுக்காரரை நான் அறிவேன். முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தவரையும் அறிவேன். அவருடைய சொந்தப் பேரன் வெளிநாட்டில் படிக்கிறான். அங்கே வீட்டுக்காரன் அவனை நடத்துகிற விதம் சரியில்லை என்று அவரே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்!

வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருப்பவனைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் மகனுக்கு அங்கே இடம் கிடைத்தால் அது திறமைக்குப் பரிசு. அவர்கள் மகனுக்கு இங்கே இடம் கிடைத்தால் அது நம் உரிமையைப் பறித்தல். இப்படி இரண்டு படி வைத்துக்கொண்டு அளக்கலாமா?

உள்ளூர்ப் பட்டதாரியின் கவலை பொய்யென்று நான் சொல்லவில்லை. தகுதியுள்ள உள்ளூர்ப் பிள்ளை புறக்கணிக்கப்பட்டால் அது அநியாயம்; அதைக் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி தேர்வு முறையாக நடந்ததா என்பதாக இருக்கவேண்டுமே தவிர, வந்தவன் எந்த நாட்டான் என்பதாக இருக்கலாகாது. இங்கிலாந்தில் இருக்கும் நம் பிள்ளையைப் பற்றி அந்த நாட்டுத் தகப்பன் ஒருவன் எப்படிப் பேசவேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படி நாம் இங்கே பேசவேண்டும்.

சுல்தான்கள் காலத்து மலாக்காவில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். தமிழகத்து வணிகர், வங்காளத்தார், பெகு, பாசைக்காரர் ஆகியோருக்கென ஒரு ஷாபந்தர், குஜராத்திகளுக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளாருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர். கப்பலில் வந்திறங்கும் அந்நியனை எதிர்கொண்டு, அவன் சரக்குக்கும் வழக்குக்கும் வழி செய்வது அவர்கள் பொறுப்பு. இந்த ஊர் பெருமை பெற்றது அந்த ஏற்பாட்டினால். நம் முன்னோருக்கு அந்த வரவேற்பு கிடைத்தது. படித்த இடத்தில் பதவி பெற்றுத் தங்கிய ஒவ்வொரு பிள்ளையும் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு ஷாபந்தராக இருக்கக் கடமைப்பட்டவன். விண்ணப்பம் எழுதத் தெரியாத தோட்டத்துப் பிள்ளைக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பது, முதல் குளிர்காலத்தில் தங்க இடமில்லாதவனுக்கு இரண்டு வாரம் அறை கொடுப்பது, எந்தப் பேராசிரியர் எந்த ஆராய்ச்சி செய்கிறார் என்று வழி காட்டுவது, இவையெல்லாம் செலவில்லாத தர்மங்கள். தான் ஏறிய ஏணியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் எத்தனை பட்டம் பெற்றாலும் கடன்காரனே.

நண்பருக்குச் சொன்ன பதில்

சில நாள் கழித்து மீண்டும் நண்பரின் கடைக்குப் போனேன். இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பையனிடம் கோபமாகத்தான் பேசினேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. 'பாட்டனார் ராஜுலாவில் ஏறியபோது அவருடைய அத்தாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாராம்?' என்று மட்டும் கேட்டான்" என்றார்.

"என்ன சொல்லிவிட்டு வந்தாராம்?" என்று நானும் கேட்டேன்.

"மூன்று வருஷத்தில் வந்துவிடுவேன் என்றாராம். ஒன்பது வருஷம் கழித்துப் போனபோது அவருடைய அத்தா மவுத்தாகியிருந்தார். சாகும்வரை அதைச் சொல்லி அழுவார்" என்றார் நண்பர்.

அதற்குமேல் நான் வாதம் செய்யவில்லை. இரண்டு காரியம் மட்டும் சொன்னேன். மகனை ஆண்டுக்கொரு முறை, காரணம் எதுவும் சொல்லாமல், வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லுங்கள். பாட்டனாருக்கு இல்லாத விமானம் இவனுக்கு இருக்கிறது. அவனுக்காகச் செலவிட்ட ஏழு வருஷப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு மனமில்லை, கேட்கவும் வேண்டாம். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் கல்விச் செலவை ஏற்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை நம் சமூகத்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. தோட்டப்புறத்துச் சம்பளத்தில்தான் நம் பாட்டனாரின் ஜவுளி விற்றது. அந்த ஹக்கும் நம் தலைமீது இருக்கிறது.

நண்பர் ஒப்புக்கொண்டார். நம் சங்கத்து உறுப்பினர்களில் வெளிநாட்டில் பதவியிலிருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னும் பலர் உண்டு. அவர்களும் இதைத் தம் பிள்ளைகளோடு பேசிப் பார்ப்பார்களாக. படித்த இடத்தில் தங்கியவனும் தங்கட்டும், திரும்பியவனும் திரும்பட்டும். இருவருடைய பேரேட்டிலும் கொடுக்கவேண்டியவர்களின் பெயர் விடுபடாமல் இருக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக.